பிரின்டர் பக்கத்துல ஸ்வீட் பாக்ஸ்

எங்க ஆபீஸ் தம்பு செட்டி தெருவுல, ரெண்டாவது மாடி. கிளியரிங் ஆபீஸ், ஏத்துமதி எறக்குமதி சரக்குக்கு கஸ்டம்ஸ் பேப்பர் வேலை பாத்துக் குடுக்குற எடம். பதினோரு வருஷமா டாக்குமென்டேஷன்ல இருக்கேன், செக்லிஸ்ட் போடுறது, பார்ட்டிக்கு அனுப்பி ஓகே வாங்குறது, ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி ஃபைல் பண்றது, காலைல பத்து மணிக்கு உக்காந்தா சீட்ட விட்டு எழுந்திரிக்கிறதே பிரின்ட் எடுக்கத்தான். பிரின்டர் ஒரு குட்ட பீரோ பக்கத்துல இருக்கு. அந்த பீரோ மேல எப்பவும் ஒரு ஸ்வீட் பாக்ஸ் இருக்கும். இந்த ரெண்டையும் சேத்து வெச்சு நான் யோசிச்சதே இல்ல, போன வருஷம் ஆடி மாசம் வரைக்கும்.

அன்னிக்கு ஒரு ஒரிஜினல் பி.எல்.லை, அதாவது கப்பல் கம்பெனி குடுக்குற சரக்கு ரசீத, ஃபைல்ல வெக்கும்போது பாத்தா ஓரத்துல நெய் பட்ட கட்டவிரல் ரேகை. என் விரல்தான். மைசூர்பாக் சாப்ட்டிருக்கேன். ஆனா எப்ப எடுத்தேன், எத்தன எடுத்தேன், ஒண்ணுமே ஞாபகம் இல்ல. பாக்ஸ தொறந்து பாத்தேன், காலைல முழுசா வந்த அரை கிலோ, பாதிக்கு மேல காலி, அன்னிக்கு ஆபீஸ்ல நாங்க மொத்தமே நாலு பேரு. ருசிச்சு சாப்ட்டிருந்தா கூட மனசு ஆறியிருக்கும், ருசியே தெரியாம உள்ள போயிருக்கு, அது தான் எனக்கு பயத்த குடுத்துச்சு.

அதே மாசம் தான் ரத்தம் டெஸ்ட் குடுத்தேன். வெறும் வயித்துல சக்கர 118, ரெண்டு மூணு மாசத்து சராசரிய காட்டுற ஹெச்பிஏ1சி 6.1. அது 5.7ல இருந்து 6.4 வரைக்கும் இருந்தா பார்டர், 6.5 தொட்டுட்டா சக்கர நோய். "மாத்திரை இப்ப வேணாம்மா, ஆறு மாசம் டைம் தரேன், சாப்பாட்ட சரி பண்ணிட்டு வா"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

எனக்கு அது வெறும் நம்பரா தெரியல. எங்கப்பா காசிமேட்டுல ஐஸ் லோடு ஏத்துற வேலை பாத்தவரு. நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வந்து ஷூவ கழட்டி உதறுறாரு, உள்ளேருந்து சின்னதா ஒரு கருங்கல் சில்லு விழுது. காலைலேருந்து அத மிதிச்சிட்டே நடந்திருக்காரு, அவருக்கு தெரியவே இல்ல. சாக்ஸ் அடிப்பக்கம் பூரா ரத்தம் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கால்ல உணர்ச்சி போயிருந்திருக்கு, அதுவரைக்கும் யாருக்கும் தெரியல. அந்தப் புண்ணு ஆற ஏழு மாசம், அதுல ஒரு விரலும் போச்சு. அதுக்கப்புறம் தினமும் படுக்கறதுக்கு முன்னாடி அம்மா அவரு கால தூக்கி மடியில வெச்சுக்கிட்டு டியூப்லைட் கீழ விரல் இடுக்கு ஒண்ணொண்ணா விரிச்சு பாப்பாங்க, எதனா சிவந்திருக்கா, வெடிச்சிருக்கான்னு. அந்த ரிப்போர்ட்ட வாங்குனப்ப எனக்கு கண்ணு முன்னாடி வந்தது அது தான்.

வட சென்னைக்காரங்களுக்கு சக்கர நோய் புதுசு இல்ல, அதுக்கான வைத்தியமும் புதுசு இல்ல. 1948லயே டாக்டர் எம். விஸ்வநாதன் ஸ்டான்லி ஆஸ்பத்திரில சக்கர நோய்க்குன்னு தனி கிளினிக் ஆரம்பிச்சாரு, 1954ல ராயபுரத்துல அதுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி. சின்ன வயசுல நம்ம ஏரியாவுல இவ்ளோ பேருக்கு இருக்கேன்னு தான் நெனச்சுக்குவேன். 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வுல இந்தியா முழுக்க 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சக்கர நோய், பார்டர்ல 13 கோடியே 60 லட்சம் பேருன்னு போட்டிருந்தாங்க. அந்த ரெண்டாவது கணக்குல இருக்கவங்கள்ல பல பேருக்கு தாங்க அதுல இருக்கோம்னே தெரியாது. ஆபீஸ்ல உக்காந்து டீ குடிச்சிட்டு இருப்பாங்க, என்ன மாதிரி.

டீலேருந்தே வரேன். கீழ பாய் கடைலேருந்து ஒரு நாளைக்கு நாலு தடவ டீ வரும். ஒரு நாள் கடைக்கே போயி நின்னு, பாய் ஒரு கிளாசுக்கு எவ்ளோ சக்கர போடுவீங்கன்னு கேட்டேன். ஸ்பூன எடுத்து காட்டுனாரு, "ரெண்டும்மா, ஆபீஸ்காரங்களுக்கு நல்லா ஸ்ட்ராங்கா கேப்பாங்க, அதனால ரெண்டு". ஒரு ஸ்பூன் அஞ்சு கிராம்னு வெச்சுக்கோங்க, நாலு டீக்கு நாப்பது கிராம். ஐசிஎம்ஆர் 2024ல குடுத்த உணவு வழிகாட்டுதல்ல ஒரு நாள் முழுசுக்கும் சேத்தே 25 கிராம் தான் சொல்றாங்க. ஒரு துண்டு ஸ்வீட் தொடறதுக்கு முன்னாடியே டீயிலயே ஒன்றரை நாள் கணக்கு முடிஞ்சு போச்சு. இத்தன வருஷமா நான் ஸ்வீட்ட மட்டும் தான் குத்தவாளியா பாத்துட்டு இருந்திருக்கேன்.

"இனிமே எனக்கு வித்தவுட் பாய்"னு சொன்னேன். அவரு மொகமே மாறிடுச்சு, "ஏம்மா, உடம்புக்கு எதனாவா"ன்னு கேட்டாரு. இல்ல பாய், வராம இருக்கத்தான்னு சொன்னேன். மொத வாரம் வாயில வெக்க முடியல, கசாயம் மாதிரி இருந்துச்சு. மூணாவது வாரம் பால் வாசனை, டீத்தூள் வாசனை எல்லாம் தனித்தனியா தெரிய ஆரம்பிச்சுது. இப்ப சக்கர போட்ட டீ தெரியாம வந்துட்டா ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது. இங்க ஒண்ணு சொல்லணும், வெள்ள சக்கரைக்கு பதிலா நாட்டு சக்கர, கருப்பட்டின்னு மாறிட்டேன்னு நெறைய பேரு நிம்மதியா இருக்காங்க. பார்டர்ல இருக்கவங்களுக்கு அது பாதுகாப்பு இல்ல, அதுவும் ரத்தத்துல சக்கரைய ஏத்தத்தான் செய்யும். எங்க அத்த ரெண்டு வருஷம் கருப்பட்டி காபியா குடிச்சு ஏமாந்தாங்க, அதனால தான் அழுத்தி சொல்றேன்.

கஷ்டமே ஸ்வீட்ட வேணாம்னு சொல்றதுல தான். எங்க ஆபீஸ்ல ஸ்வீட் இல்லாத மாசமே கெடையாது. பொங்கல், யாரோ வண்டி எடுத்தது, பையன் பாஸானது, மண்ணடி பார்ட்டி வீட்டு ரம்ஜான் பிரியாணி, ஆயுத பூஜைக்கு பொரி கடலையோட லட்டு, தீபாவளிக்கு டிரான்ஸ்போர்ட்காரங்க, சிஎஃப்எஸ்காரங்க (கன்டெய்னர் கிடங்கு நடத்துறவங்க) அனுப்புற பெட்டிங்க அடுக்கடுக்கா, டிசம்பர் ஆனா ராயபுரத்துலேருந்து வர்ற ரெண்டு பேரு வீட்டு கேக்கு. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு மனுஷன் சந்தோஷமா நிக்கிறாரு. எங்க ஆபீஸ்ல வெளி வேலை பாக்குற ஒரு அண்ணன், அவரு பொண்ணுக்கு கல்யாணம் நிச்சயம் ஆனப்ப, மின்ட் தெருவுல நின்னு சூடா ஜிலேபி வாங்கி, ஆறிடக் கூடாதுன்னு வேகவேகமா படியேறி வந்து மொத என்கிட்ட தான் நீட்டுனாரு. எண்ணெ ஊறுன காகிதப் பை, அவரு நெத்தியில வேர்வை. அத எப்படி வேணாம்னு சொல்றது? டயட்டுன்னு ஒரு வார்த்தைல சொன்னா அவரு கை அப்படியே சுருங்கிடும்.

நான் ஒண்ணு எடுத்தேன். பாதிய பிச்சு அவரு வாயிலயே ஊட்டிவிட்டேன், அண்ணே பொண்ணுக்கு வாழ்த்து, மீதி பாதி எனக்குன்னு சொல்லி, எழுந்து ஜன்னல் கிட்ட போயி நின்னு அத மட்டும் மெதுவா சாப்ட்டேன். அந்த மொறுமொறுப்பு, உள்ள பாகு ஒடையுறது, கடைசியா லேசா ஒரு புளிப்பு, எல்லாம் தெரிஞ்சுது. அன்னிக்கு மைசூர்பாக்க அத்தன சாப்ட்டப்ப கெடைக்காதது இந்த பாதி ஜிலேபில கெடச்சுது. அதுலேருந்து எனக்கு ஒரு கணக்கு, ஒரு மனுஷன் கையால நீட்டுனா பாதி எடுத்துக்குவேன், பீரோ மேல சும்மா இருக்கற பாக்ஸ்ல கை வெக்க மாட்டேன். ஒருத்தரு பாசத்துக்கும் ஒரு அட்டப் பெட்டிக்கும் வித்தியாசம் இருக்கு.

ஆனா கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டு கை வெக்காம இருக்கறதும் கஷ்டம். ஒரு நாளைக்கு முப்பது தடவ பிரின்டர் கிட்ட போறேன், முப்பது தடவையும் எனக்குள்ள சண்ட போட தெம்பு இல்ல. அதனால சார் கிட்ட போயி நேரா சொன்னேன், சார் எனக்கு பார்டர்ல இருக்கு, ஸ்வீட் பாக்ஸ சாப்பாட்டு ரூம் அலமாரில வெக்கலாமா, வேணுங்கறவங்க போயி எடுத்துக்கட்டும்னு. அவரு ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல, அப்புறம் "எனக்கும் 6.3மா, யாருகிட்டயும் சொல்லல"ன்னாரு. அன்னிக்கு சாயங்காலமே பாக்ஸ் எடம் மாறிடுச்சு. மாறுன ஒரு வாரத்துல பாதி நாளு பாக்ஸ யாருமே தொறக்கல, ஆபீஸ் ஆயா தான் கடைசில வீட்டுக்கு எடுத்துட்டு போனாங்க.

அடுத்தது மதிய சாப்பாடு. வெசல் கட்-ஆஃப், அதாவது ஒரு கப்பலுக்கு சரக்கு போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம், இருந்தா ஒரு மணி சாப்பாடு மூணு மணிக்கு போயிடும். காலைல ரெண்டு இட்லி, நடுவுல டீ மட்டும், மூணு மணிக்கு டப்பாவ தொறந்தா அந்த அகோர பசில என் சாப்பாடு, பக்கத்து சீட்டு அக்கா குடுக்குற சாம்பார் சாதம், இன்னொருத்தர் கொண்டாந்த மீன் கொழம்புக்கு இன்னொரு கரண்டி சோறு, ஒரு கைல போன், இன்னொரு கைல சாப்பாடு, வயிறு போதும்னு சொல்றதுக்குள்ள தட்டு ரெண்டு ரவுண்டு போயிருக்கும். நாலு மணிக்கு கண்ண சொருகும், அத தெளிய வெக்க டீ, டீயோட ஸ்வீட். ஸ்வீட் ஆசைன்னு நான் நெனச்சுட்டு இருந்தது முக்கால்வாசி லேட்டா சாப்ட்டதோட வெளைவு தான். இப்ப பன்னெண்டரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல், இல்லாட்டி அவிச்ச வேர்க்கடல, வீட்லேருந்தே கொண்டு போறேன். ஒன்றரைக்கு என் போனை ஜூனியர் பொண்ணு கையில குடுத்துட்டு சாப்பாட்டு ரூமுக்கு போயிடுவேன், அவ சாப்டும்போது அவ போனை நான் வாங்கிக்குவேன். இருபது நிமிஷத்துல எந்த கப்பலும் கெளம்பிடல. ஆபீஸ் நடத்துறவங்க யாராச்சும் இத படிச்சா இத மட்டும் கேக்குறேன், உங்க ஆளுங்கள நேரத்துக்கு சாப்ட விடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவ ஹெல்த் செக்கப் கேம்ப் போடுறத விட இது பெருசு.

சாயங்காலம் வேற ஒரு சோதனை. பீச் ஸ்டேஷன்ல ரயில் புடிக்க போற வழில செகண்ட் லைன் பீச் ரோட்டுல அத்தோ கடைங்க. 1960கள்ல பர்மாவுலேருந்து திரும்பி வந்த நம்மாளுங்க கொண்டாந்த சாப்பாடு, அந்த மஞ்ச நூடுல்ஸ், பொரிச்ச வெங்காயம், பூண்டு எண்ணெ, கூட வாழத்தண்டு சூப்பு, அத குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது. தப்பு, நாலரைக்கு பஜ்ஜி சாப்ட்டுட்டு ஆறரைக்கு அங்க நின்னு ஒரு பிளேட்டு, அப்புறம் வீட்டுக்கு போயி எட்டரைக்கு தோசைன்னு சாப்ட்டது. இப்ப மண்ணடில மெட்ரோ ஏறிடுறேன், அந்த ரோட்டுப் பக்கமே போறதில்ல. தண்டையார்பேட்டைக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடியே தியாகராயா காலேஜ்ல எறங்கி வீட்டுக்கு நடக்குறேன். அத்தோ மாசத்துக்கு ஒரு சனிக்கிழம, பசங்களையும் கூட்டிட்டு போயி, ராத்திரி சாப்பாடே அது தான்னு.

இதெல்லாம் சின்னச் சின்ன விஷயமாச்சே, இதுல என்ன ஆயிடப் போகுதுன்னு எங்க வீட்டுக்காரரே கேட்டாரு. பார்டர்ல இருந்த 531 பேர வெச்சு இந்தியாலயே ஒரு ஆய்வு நடந்திருக்கு, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு பண்ணது, ரிசல்ட் 2006ல வந்துச்சு. சாப்பாடு, நடை ரெண்டையும் மாத்துனவங்களுக்கு சக்கர நோய் வர்ற வாய்ப்பு 28.5 சதவீதம் கொறஞ்சுது, மாத்திரை எடுத்துக்கிட்டவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு தான் கொறஞ்சுது. இத அவருக்கு காட்டுனேன். மறுநாளே அவரு டீயிலயும் ஒரு ஸ்பூன் கொறஞ்சுது.

ஆறு மாசம் கழிச்சு எடுத்தப்ப 5.8 வந்துச்சு. இன்னும் பார்டர் தான். அப்பாவுக்கு காட்டுனேன், கண்ணாடிய போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் அந்த பேப்பரையே பாத்தாரு. அடுத்த டெஸ்ட் ஜனவரில வருது. ஹெச்பிஏ1சி கடைசி ரெண்டு மூணு மாசத்துக் கணக்க காட்டும்ன்றதால தீபாவளி, கேக்கு, பொங்கல் எல்லாம் அதுல தெரியும். பொங்கலுக்கு முன்னாடியே எடுத்துடலாமேன்னு ஆபீஸ்ல அக்கா சொன்னாங்க. இல்லக்கா, பொங்கல் முடிஞ்சு அடுத்த வாரம் தான் போவேன்னு சொல்லியிருக்கேன். சாரும் அன்னிக்கே வரேன்னு சொல்லியிருக்காரு.