அம்மா அன்று சொன்னது

போன வாரம் ‘காதல் தேசம்’ மறுபடி பார்த்தேன். 1996இல் வந்த படம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவில், லயத்து வீட்டில் பத்துப் பேரோடு நெருக்கியடித்து உட்கார்ந்து முதலில் பார்த்தது. வினீத், அப்பாஸ் இருவரும் கல்லூரிப் பையன்கள். இருவருக்கும் தபு மேல் காதல். கடைசியில் அவள் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க மறுத்துவிடுவாள்.

“என்னடி இவ, ரெண்டு பேரையும் ஏமாத்திட்டா!” என்று பக்கத்து வீட்டு அக்கா கொதித்தார். விரலில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டே அம்மா சொன்னார்: “அவளுக்கு வேணாம்னா வேணாம்தான்.” அம்மாவை 16 வயதில் கட்டிக்கொடுத்தார்கள். சம்மதமா என்று யாரும் கேட்டதில்லை.

அந்த இரண்டு பையன்களும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த பாசம் இப்போதும் என்னைக் கலங்க வைக்கிறது. ஆனால் அப்புறம் பார்த்த எத்தனையோ கல்லூரிப் படங்களில், நளினமாக நடக்கும் பையன் வந்தாலே சிரிப்பு மூட்டும் இசை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. என் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தான். படத்தில் கேட்ட ‘ஒன்பது’ என்ற சொல்லையே பள்ளிப் பேருந்தில் அவன்மேல் வீசினார்கள். பிறகு அவன் பேருந்தில் ஏறவே இல்லை. செம்பனைக் காட்டு மண்சாலையில், காலணியைக் கையில் பிடித்தபடி, தினமும் நடந்தே வந்தான்.