தைப் பட்டத்து வெள்ளரி: இலையின் அடிப்பக்கம் பார்த்து வளர்த்த அனுபவம்

மதுரைப் பக்கத்தில் வெள்ளரிக்கு ஆடிப் பட்டம், தைப் பட்டம் என இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஆடியில் போட்ட கொடி காய்த்து ஓய்வதற்குள் புரட்டாசி, ஐப்பசி மழையின் ஈரம் வந்து, இலையின் அடியில் பூசணம் பிடிக்கும் அடிச்சாம்பல் நோயைக் கொண்டுவந்துவிடும்; தையில் போட்டால் பங்குனி, சித்திரை வெயில் காயைக் கசக்க வைக்கும். வெயிலுக்குத் தண்ணீரும் நிழலும் கொடுத்துச் சமாளிக்கலாம், விடாத ஈரத்துக்கு வீட்டுத் தோட்டத்தில் செய்யக்கூடியது குறைவு என்பதால் தைப் பட்டத்தையே தேர்ந்தெடுத்தேன். எங்கள் வீடு யானைமலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிறது. பின்புறத்தில் சில குழிகளிலும் மொட்டை மாடியில் சில பைகளிலும் விதைத்தேன்.

வெள்ளரி வேர் இடம் மாற்றினால் சுணங்கிவிடும் என்பதால் நாற்று விடாமல், இரவு முழுவதும் ஊறிய விதையை நேரடியாகவே ஊன்றினேன். குழி மண்ணில் மக்கிய தொழுவுரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்திருந்தேன். கொடியைத் தரையில் படரவிடாமல் மூங்கில் குச்சியும் நைலான் வலையும் கட்டி ஏற்றியதற்குக் காரணம் இடநெருக்கடி மட்டும் அன்று. காற்றோட்டத்தில் தொங்கும் இலை சீக்கிரம் உலரும், அதன் அடிப்பக்கத்தைக் குனியாமல் பார்க்கவும் முடியும்.

விதையிலைகள் விரிந்த உடனேயே செம்மஞ்சள் நிறப் பூசணி வண்டு வந்துவிட்டது. வளர்ந்த கொடியை அது பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. இளங்கன்றை மட்டும் இரண்டொரு நாளில் சல்லடையாக்கிவிடும். பக்கத்து வீட்டு அப்பத்தா, "விடிகாலையில பனி இருக்கையிலேயே அடுப்புச் சாம்பலத் தூவி விடுய்யா, வண்டு அண்டாது" என்றார். ஈர இலையில் சாம்பல் ஒட்டிக்கொண்டவரை வண்டு குறைந்தது உண்மை. அதே விடிகாலைக் குளிரில் வண்டு மந்தமாக இருப்பதால், கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுவதும் எளிது. இதன் புழு மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்பதால், காரணம் தெரியாமல் வாடும் கன்றின் தூரைக் கிளறிப் பார்ப்பது நல்லது.

எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் சற்று உப்புத் தன்மை உடையது. வெள்ளரி உப்பை அதிகம் பொறுக்காது; மாடிப் பைகளில் இலை ஓரம் கருகத் தொடங்கியதும், அவ்வப்போது பையின் அடித்துளை வழியே வடியும் அளவுக்குத் தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி இறக்கினேன். தூரைச் சுற்றி வைக்கோல் மூடாக்குப் போட்டு, காலையில் தூரில் மட்டுமே தண்ணீர் விட்டேன். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளமாக்குவதை வெள்ளரி பொறுத்துக்கொள்வதில்லை. வெப்பமும் தண்ணீர்க் குறையும் சேரும்போது குக்கர்பிட்டாசின் என்னும் கசப்புப் பொருள் காயில் கூடுகிறது. காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் அது மிகுதி. காம்பு முனையை நறுக்கித் தேய்க்கும் நம் வீட்டுப் பழக்கத்தில், தேய்ப்பதைவிட நறுக்குவதே பயன் தருகிறது என்பது என் கணிப்பு. மாடியில் பங்குனி முதல் பச்சை நிழல்வலை கட்டிய பிறகு கசப்பு நன்றாகக் குறைந்தது.

முதலில் வந்தவை எல்லாம் ஆண் பூக்களே. வெள்ளரியின் இயல்பு அது, கவலைப்பட வேண்டியதில்லை. பெண் பூவின் அடியில் முள்முள்ளாய்ச் சிறு பிஞ்சு ஒட்டியிருக்கும். தேனீ போதிய அளவு வராத மாடியில் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்தன, தப்பியவையும் ஒருபக்கம் சூம்பின. காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவைத்ததும் காய்கள் நேராக இறங்கின. தேனீயை விரட்டக் கூடாது என்பதற்காகவே வேப்பெண்ணெய்க் கரைசலைச் சூரியன் சாய்ந்த பிறகு மட்டும் தெளிக்கிறேன். வெயிலில் அதன் வீரியம் விரைவில் குறைந்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

நோயைப் பொறுத்தவரை, சாம்பல் நோயையும் அடிச்சாம்பல் நோயையும் பிரித்தறிவதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. சாம்பல் நோய் முதிர்ந்த இலையின் மேல்பக்கத்தில் கோலமாவு சிந்தியதுபோல வட்ட வட்டமாகத் தொடங்கும். அதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை, வறண்ட மாசி மாதமே போதும். அடிச்சாம்பலோ நரம்புகளுக்குள் அடைபட்ட கோணலான மஞ்சள் புள்ளிகளாக மேலே தெரியும். இலையைத் திருப்பினால் அதே இடத்தில் ஊதா கலந்த சாம்பல் பூசணம் இருக்கும். என் கொடிகளுக்கு வந்தது முதலில் சொன்ன சாம்பல் நோய். அடி இலைகளைக் கிள்ளி அகற்றிவிட்டு, ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தேன். பிரேசில் ஆய்வாளர் பெட்டியோல் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பத்து விழுக்காட்டு அளவிலேயே பூசணி இனத்துச் சுக்கினிச் செடியின் சாம்பல் நோய் கட்டுப்படுவதைக் காட்டியது. என் கொடிகளில் பழைய வெண்மை மறையவில்லை, ஆனால் புது இலைகளுக்கு ஏறுவது நின்றது. பலர் சொல்லும் கந்தகத் தூளை நான் தொடவில்லை. வெள்ளரிக் குடும்பத்து இலைகளை அது கருக்கிவிடும், அதிலும் மதுரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

காயில் துளையிட்டு முட்டையிடும் பழ ஈக்கு, கியூலூர் என்னும் மணப்பொருள் வைத்த பொறி ஒன்று தொங்குகிறது. அதில் விழுபவை ஆண் ஈக்கள் மட்டுமே. ஆகவே துளையில் பிசின் கசியும் பிஞ்சுகளை அன்றன்றே பறித்து, நெகிழிப் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுகிறேன். அவற்றை எருக்குழியில் எறிந்தால் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகத் திரும்பிவிடும்.

தேமல் என்னும் வைரஸ் நோய் வந்து இலை சுருண்ட ஒரு கொடியை, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அந்த நோயை மற்றவற்றுக்குப் பரப்புவதற்குள் வேரோடு பிடுங்கிவிட்டேன். மற்றவை இப்போதும் காய்க்கின்றன. குழியிலுள்ள நாட்டு வெள்ளரியில், நோய் தொடாத கொடியில் ஒரு காயை விதைக்காக மஞ்சளாகப் பழுக்க விட்டிருக்கிறேன். கொடி ஓய்ந்ததும் அந்தக் குழிகளில் மீண்டும் வெள்ளரியோ பூசணியோ போடாமல் கீரை விதைக்கப் போகிறேன்.