துருப்பிடிச்ச சின்னச் சவள்

மகளுக்குக் கொலேஜ், அதாவது பிரான்சின்ர நடுநிலைப் பள்ளிக்கூடம், கடைசி வருஷம். வாசிக்கச் சொல்லிக் குடுத்த புத்தகம் பிரெஞ்சு நாடகக்காரர் ழான் அனூய் எழுதின ‘அன்ரிகோன்’ நாடகம். குசினி வேலை முடிஞ்சு சாமத்தில வாற எனக்கு இதெல்லாம் எதுக்கு எண்டுதான் எடுத்தன். ரெண்டே இரவில முடிச்சிட்டன்.

கதை பண்டைய கிரேக்க நாடகக்காரர் சோபோகிளிஸின்ர பழைய கதைதான். அரியணைக்கு அடிபட்டுத் தமையன்மார் ரெண்டு பேரும் செத்துப்போச்சினம். ஒருத்தனுக்கு அரச மரியாதை. மற்றவனைப் புதைச்சால் மரணதண்டனை எண்டு தாய்மாமன் கிரேயோன்ர கட்டளை. தங்கச்சி அன்ரிகோன் கேக்கேல்லை.

ஆனா அனூய் அவளின்ர கையில பிள்ளையள் மண் அள்ளி விளையாடுற ஒரு சின்னச் சவளைக் குடுத்திட்டார். பிரேதத்துக்குப் பக்கத்தில காவலாளியள் கண்டெடுக்கிற, துருப்பிடிச்ச பழஞ்சவள். சின்னனில விடுமுறைக்குக் கடற்கரையில தமையன் மண்கோட்டை கட்டினது அதாலதானாம். அடுத்த முறை சவளும் இல்லை, வெறுங்கையால விறாண்டுறாள், பிடிபடுறாள்.

அதுக்குப் பிறகு கிரேயோன் கதைக்கிற கதை இருக்கே! உடம்புகள் ரெண்டும் நசிஞ்சு கிடந்ததாம். கொஞ்சம் நல்லாக் கிடந்ததை எடுத்து அரச மரியாதை செய்தானாம், அது ஆர் எண்டு தனக்கே தெரியாதாம். புத்தகத்தை மூடிப்போட்டு பல்கனிக்குப் போனன். எங்கட பக்கத்திலயும் ஆற்ற உடம்பெண்டு தெரியாமல் கிரியை செய்த வீடுகள் இருக்கு. மகளுக்கு அதைச் சொல்லேல்லை.

எனக்குக் கோவம் என்னெண்டால், கிரேயோன் சொல்லுறது ஞாயமாப் படுது. 1944 பெப்ரவரியில, ஜெர்மன்காரன் பரிஸ் நகரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கேக்க மேடையேறின நாடகம். பாத்தவையில பாதிப்பேர் அவளை எதிர்ப்புப் போராளியாப் பாத்தினம், மிச்சப்பேர் அனூய் கிரேயோன்ர பக்கம் எண்டு திட்டிச்சினம். திட்டினவையில பிழை சொல்லமாட்டன்.

மேடையேறினது பரிஸ் மொன்மார்த்தில இருக்கிற அத்தலியே அரங்கில. 1922இல இன்னொரு பிரெஞ்சு எழுத்தாளர் கொக்தோவின்ர ‘அன்ரிகோன்’ வந்ததும் அங்கதான். அதுக்கு மேடை பிக்காசோ, உடுப்பு ஷனெல். தமிழ்க்கடையள் இருக்கிற லா சப்பலில மரக்கறி வாங்கினால், அங்கயிருந்து ரெண்டாவது மெட்ரோ ஸ்டேஷன்தான். இத்தனை வருஷமா அந்த வாசலால நடந்து போயிருக்கிறன்.

மகளின்ர வீட்டுப்பாடத்தில கடைசிக் கேள்வி: சாக வேண்டியவை எல்லாரும் செத்த பிறகு காவலாளியள் சீட்டு விளையாடிக்கொண்டிருக்க நாடகம் ஏன் முடியுது? மகள் நித்திரை. நான் பென்சிலால கொப்பியில ரெண்டு வரி எழுதி வைச்சன். விடிய எழும்பி அதை அழிச்சுப்போட்டு, தன்ர மறுமொழியைப் பேனையால எழுதியிருக்கிறாள்.