எம்.எஸ்சி. கணிதம்: நிபந்தனையைப் பிடுங்கிப் பார்த்துப் படிப்பது

இளங்கலையில் கணக்குப் போட்டே மதிப்பெண் வாங்கிய கை, எம்.எஸ்சி.யில் 'நிறுவுக' என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிடும். நிரூபணத்தை வாசிக்கும்போது எல்லாம் புரியும். நோட்டை மூடினால் இரண்டாவது வரி வராது. மனப்பாடம் செய்தாலும், தேர்வில் ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றிக் கேட்டால் கதை முடிந்தது.

எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான்: தேற்றத்தின் நிபந்தனைகளை எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றும் நிரூபணத்தின் எந்த வரியில் வேலை செய்கிறது என்று ஓரத்தில் குறிப்பது. ஒன்றுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் நிரூபணம் இன்னும் பிடிபடவில்லை. பிறகு அந்த நிபந்தனையைப் பிடுங்கிவிட்டு, தேற்றம் உடைகிறதா என்று பார்ப்பது.

மெஷர் தியரியில் லெபேக்கின் டாமினேட்டட் கன்வர்ஜென்ஸ் தேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சார்புகள் ஓர் எல்லைச் சார்பை நெருங்கினால், அவற்றின் பரப்பும் அதன் பரப்பை நெருங்கும் என்பது தேற்றம். அதற்கு எல்லாச் சார்புகளையும் மூடுகிற மாதிரி, தொகையிடத்தக்க (பரப்பு முடிவுள்ள) ஒரு சார்பு மேலே இருக்க வேண்டும் என்கிறது. எதற்கு? முதல் சார்புக்கு 0 முதல் 1 வரை உயரம் 1, இரண்டாவதற்கு 0 முதல் 1/2 வரை உயரம் 2, மூன்றாவதற்கு 0 முதல் 1/3 வரை உயரம் 3. முனைகளிலும் வெளியிலும் 0. எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் எல்லை 0. ஆனால் பரப்பு ஒவ்வொரு முறையும் 1. இவற்றை மூடப் பார்த்தால் 1/100 என்ற புள்ளியிலேயே 99 உயரம் வேண்டும். மூடியின் பரப்பைத் துண்டு துண்டாகக் கூட்டினால் 1/2 + 1/3 + 1/4 என்று ஹார்மோனிக் தொடர் வந்து நிற்கும்; அது முடிவிலிக்குப் போய்விடும். இதை ஒரு தடவை கையால் வரைந்தவர் அந்த நிபந்தனையை மறப்பதில்லை.

அல்ஜீப்ராவிலும் இதே வைத்தியம்தான். சைலோ தேற்றம், பகா எண் அடுக்கு அளவுள்ள சில உட்குலங்கள் எத்தனை இருக்கலாம் என்று சொல்வது. அதன்படி 15 உறுப்புகள் கொண்ட குலத்தில் 3-க்கும் 5-க்கும் தலா ஒரே சைலோ உட்குலம்தான்; அதனால் அது சைக்ளிக்காகத்தான் (ஒரே உறுப்பால் உருவாவதாக) இருக்கும். அதே வாதத்தை 21-க்கு ஓட்டினால், 3-சைலோ உட்குலங்களின் (3 உறுப்புகள் கொண்டவை) எண்ணிக்கை 1 அல்லது 7 என்று வந்து முட்டும். 7 வரும்போது எபீலியன் அல்லாத (பெருக்கும் வரிசையை மாற்றினால் விடை மாறக்கூடிய) குலம் கிடைக்கிறது.

பயிற்சிக் கணக்குக்கு விடையைப் பார்க்காமல் 40 நிமிடம் கொடுங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

ஆய்வேட்டில் சிக்கல் பெரும்பாலும் குறியீட்டில்தான். 2-ஆம் அத்தியாயத்தில் மேற்கோடு என்றால் கணத்தின் அடைப்பு, 4-இல் அதுவே இணைக் கலப்பெண் என்றாகிவிடும். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யும் லேடெக் மென்பொருளில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி மேக்ரோ (குறிக்கு நாமே வைக்கும் சுருக்கக் கட்டளை) முதல் நாளே எழுதிவையுங்கள். குறியை மாற்ற ஒரே வரியைத் திருத்தினால் போதும்.