தொப்பியில் இருந்த வியர்வைக் கறை

பிரபலங்களின் முகங்களை வரைவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது அவர்கள் விட்டுப்போன சாமான்களைத்தான் வரைகிறேன். மூக்குக் கண்ணாடி, செருப்பு, சட்டை, லைட்டர். ஏல கேட்டலாக்கில் வரும் புகைப்படம்தான் எனக்கு மாடல். சாம்பல் பின்னணி, நிழலே விழாத வெளிச்சம், கீழே ஒரு எண். பிணவறையில் எடுத்த படம் மாதிரி இருக்கும்.

முதலில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலினுடைய மூன்று சர முத்துமாலை. அத்தனையும் போலி முத்து. 1996-இல் சதபீஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தபோது 500 முதல் 700 டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 2,11,500 டாலருக்கு. சின்னப் பையனாக இருந்த மகன் அந்த மாலையைப் பிடித்து இழுக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. அந்த இழுப்புக்குத்தான் அவ்வளவு விலை என்று நினைக்கிறேன். ஏலத்தில் எடுத்த பிராங்க்ளின் மின்ட் நிறுவனம் அதைப் பார்த்து நகல்கள் செய்து விற்றது. போலிக்கே போலி!

வரைய உட்கார்ந்தபோது வேறொரு வேடிக்கை. கான்வாஸில் முத்து என்பது மூன்று நான்கு சாம்பல் நிறங்களும் ஒரு வெள்ளைப் புள்ளியும்தான். அடிவிளிம்பில் பக்கத்து முத்தின் வெளிச்சம் லேசாகப் பட வேண்டும், அதை விட்டால் கோலிக்குண்டாகிவிடும். மற்றபடி அது சிப்பியில் விளைந்ததா, பட்டறையில் செய்ததா என்பது பிரஷ்ஷுக்குத் தெரியாது.

அழுக்கு விஷயம் அப்படியில்லை. 1993-இல் எம்டிவி அன்பிளக்ட் இசை நிகழ்ச்சியில் அமெரிக்க ராக் பாடகர் கர்ட் கோபேன் போட்டிருந்த பச்சை ஸ்வெட்டர் 2019-இல் 3,34,000 டாலருக்கு விலைபோனது. ஒரு பித்தான் இல்லை, சூடுபட்ட ஓட்டை, கறைகள். துவைக்கவே இல்லை என்பதுதான் அதன் பெருமை. ஒரு பிரபலத்தின் ஸ்வெட்டரைக் கிருமிநீக்கம் செய்துவிட்டோம் என்று சொன்னால், அதை வாங்கும் ஆசை மக்களுக்குக் குறைந்துவிடுகிறது என்று 2011-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு சொன்னது. அந்த ஸ்வெட்டரை வரைந்தபோது ஓட்டைக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது. ஓட்டையை வரைய முடியாதே, கருகிய விளிம்பைத்தான் வரைய வேண்டும்.

சரி, தொப்பிக்கு வருகிறேன். ஒரு சேகரிப்பாளர் தன்னிடம் இருந்த தொப்பியின் புகைப்படத்தைக் கொடுத்து வரையச் சொன்னார். மறைந்த ஒரு பாடகருடையது, சான்றிதழும் இருந்தது. உள்பட்டை வெளியே மடிந்திருந்த கோணம். அதில் அலை அலையாக ஒரு வியர்வைக் கறை, காய்ந்து காய்ந்து படிந்த உப்புக் கோடுகள். மூன்று நாள் அந்தப் பாடகரின் பாட்டுகளையே ஓடவிட்டு அந்தக் கறையை வரைந்தேன். உச்சஸ்தாயியில் அவர் நெற்றி மினுங்கியதைச் சின்ன வயதில் டிவியில் பார்த்த ஞாபகம். அந்த வியர்வைதான் இது என்று கை நம்பிவிட்டது.

ஓவியம் சேகரிப்பாளர் வீட்டுச் சுவருக்குப் போனது. அங்கே வந்த விருந்தாளி ஒருவர் உள்பட்டையில் நான் எழுத்து விடாமல் வரைந்திருந்த கம்பெனி லேபிளைப் பார்த்துவிட்டார். அந்த வடிவ லேபிளே பாடகர் இறந்த பிறகுதான் வந்ததாம். விசாரித்தால் சான்றிதழும் போலி. ஆக, தொப்பியைக் காட்டிக்கொடுத்தது என் ஓவியம்.

“எடுத்துக்கிட்டுப் போயிடுங்க சார், பார்த்தாலே எரிச்சலா இருக்கு” என்றார் சேகரிப்பாளர். மீதிப் பணம் வரவில்லை; நானும் கேட்கவில்லை.

ஸ்டூடியோவில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். எனக்கும் கோபம்தான், என் ஞாபகத்தை யாரோ ஏமாற்றி வாங்கிக்கொண்டது போல. ஒரு நாள் ஏதோ தேடும்போது கை தட்டி முன்பக்கம் திரும்பியது. சான்றிதழில் பெயரை எழுதிவிடலாம். இந்த உப்புக் கோடுகளை யாரும் எழுதவில்லை. யாரோ ஒருவர் வெயிலில் நின்று, வேலை பார்த்து, வருடக்கணக்கில் இதைத் தலையில் வைத்திருக்கிறார். பாட்டைப் போடாமல் பார்த்தபோதும் கறை நன்றாகவே வந்திருந்தது. நான் வரைந்ததிலேயே நல்ல கறை என்றுகூடச் சொல்வேன்.

பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்த பாடகர் பெயரை அழித்துவிட்டு, ‘தொப்பி’ என்று மட்டும் எழுதினேன். லேபிளை அழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் பிரஷ்ஷை எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன்.