படலைக்கு வெளியே

கடன் அறவிடுகிறவன் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முன்வாங்கில் இருந்தால், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கும் அது விளங்கும். நுண்கடன் என்றால் யாழ்ப்பாணத்தில் முகம் சுளிக்காதவர்கள் குறைவு. கிழமைக்குக் கிழமை தவணை, பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவித்தது. அந்த அளவுக்கு நிலைமை இருந்தது.

தள்ளுபடி செய்யும் அதிகாரம் என்னைப் போன்ற வெளிக்கள உத்தியோகத்தருக்குக் கிடையாது. அப்படியானால் இரக்கத்துக்கு இந்த வேலையில் எங்கே இடம்? வேதாகமத்தில், உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன்பட்டவனே அதைக் கொண்டு வந்து கொடுப்பான். கடனை விடச் சொல்லவில்லை, எங்கே நிற்பது என்று சொல்கிறது. நான் படலைக்கு வெளியே நிற்பேன். குரலை ஒழுங்கை முழுக்கக் கேட்க விடமாட்டேன். தவணையைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் இங்கே சனம் பயப்படும்.

இன்னொரு இடம், படிவத்தில் உள்ள ‘தவறிய காரணம்’ என்ற கட்டம். அநேகர் அதில் ‘கட்ட மனமில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். எழுதச் சுகம். ஆனால் அது ஒரு தீர்ப்பு.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. குருநகரில் இயந்திரப் படகுகள் பல அதில்தான் ஓடின. “தம்பி, இந்த விலையில கடலுக்குப் போனா, பிடிக்கிற மீன் எண்ணெய்க்கே காணாது” என்றார் ஒரு அக்கா. பக்கத்து வீட்டிலோ வேறு கதை: “நேற்றுக் கோழி வாங்கினவை, தெரியுமோ?” கடன்பட்டவர் வீட்டில் கோழிக்கறி மணந்தால் ஊருக்கே கோபம் வந்துவிடுகிறது. பிள்ளைக்குப் பிறந்தநாளாக இருக்கலாம். சும்மா ஆசையாகவும் இருக்கலாம், அதிலென்ன? மண்ணெண்ணெய் விலையையும், படகு கடலுக்குப் போகாத நாட்களையும் கட்டத்தில் எழுதினேன், இடம் போதாமல் பின்பக்கத்திலும்.

“இது என்ன கதை எழுதியிருக்கிறீர்?” என்று மேலாளர் கேட்டார்.

“காரணம் கேட்டிருந்தது, சேர்.”

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஒரு ஊழியக்காரன் வருகிறான்; அவனுடைய பதினாயிரம் தாலந்துக் கடனை ராஜா மன்னித்துவிட்ட பிறகும், தனக்குக் கடன்பட்டவனை அவன் சிறையில் போடுகிறான். அவனைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது, அவனுக்கு வரவேண்டியிருந்த நூறு வெள்ளிப்பணத்தை அற்பம் என்பார்கள். பதினாயிரம் தாலந்துக்குப் பக்கத்தில் அற்பம்தான். ஆனால் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. நூறு நாள் கூலியை விடச் சொன்னால் எனக்கும் நெஞ்சு அடைக்கும். இரக்கம் செலவில்லாத காரியம் என்று பேசுகிறவர்களுக்கு யாரும் கடன் தரவேண்டியிருக்காது.

பின்பக்கம் எழுதியதில் சில வீடுகளுக்குத் தவணை நீட்டிக் கிடைத்தது. சிலவற்றுக்கு இல்லை. கிடைக்காத ஒரு வீட்டின் தவணையைக் குழுவிலிருந்த மற்றப் பெண்கள்தான் சேர்ந்து கட்டினார்கள், திட்டித் திட்டி. அவர்களிடம் போய் ‘தீர்ப்புச் சொல்லாதேயுங்கோ’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காசு அவர்களுடையது.