வழுக்கி விழுந்த வழக்கு

கேஷுவால்டியில் எழுதுகிற முதல் சீட்டை வாங்கி வாசித்துப் பாருங்கள். எத்தனை வலி இருந்தாலும், கூட வந்தவரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். எனக்கு ‘தானாகக் கீழே விழுந்தது’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். எங்கே விழுந்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை. பின்னால் எதிர்தரப்பு வக்கீல் தொங்கியது முழுக்க அந்த ஒரு வரியில்தான்.

நடந்தது இதுதான். தங்கை ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட். பில் போட்டுவிட்டு வெளியே வரும் வழியில் ஐஸ்கிரீம் ஃப்ரீசர். அதிலிருந்து ஒழுகிய தண்ணீர் டைல்ஸில் பரவிக் கிடந்தது. எச்சரிக்கைப் பலகை கிடையாது. வலது மணிக்கட்டு உடைந்து பிளேட் வைக்க வேண்டியதாயிற்று. ‘நேத்துல இருந்தே ஒழுகுதுக்கா’ என்று அங்கே வேலை பார்க்கும் பையன் சொன்னான். அவனைச் சாட்சிக்கு இழுக்க மனம் வரவில்லை, வேலை போய்விடும். தங்கை மட்டும் விவரமாகத் தரை, ஃப்ரீசர், அடியில் போட்டிருந்த நனைந்த சாக்கு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவிட்டாள்.

‘செலவு மொத்தமும் நாங்க பாத்துக்கிறோம் மேடம்’ என்றார் மேனேஜர். ஆபரேஷன் முடிந்ததும் அவர் போன் எடுப்பது நின்றது. தெரிந்த வக்கீல் ஒருவர் நோட்டீஸ் மட்டும் எழுதிக் கொடுத்தார். ‘எங்கள் கடையில் அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை’ என்று பதில் வந்தது. அந்த வரியைப் படித்த பிறகுதான் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சிவில் கோர்ட்டுக்குப் போனால் கேட்கிற தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் அப்படி இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் கொடுத்த விலைதான் கணக்கு; அது 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. நான் வாங்கியது சில நூறு ரூபாய்க்கு மளிகை. இதை ஆணைய அலுவலகத்தில் இருந்தவருக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. ‘நீங்க நஷ்டஈடு எவ்வளவு கேக்கறீங்களோ அதுக்குத்தாம்மா ஃபீஸ், டிடி எடுத்துட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பினார். அது பழைய 1986 சட்டத்துக் கணக்கு. அடுத்த முறை விதியை அச்செடுத்து, உரிய வரியில் மஞ்சள் கோடு போட்டுக் கொண்டுபோனேன். வாசித்தார், ஒன்றும் சொல்லவில்லை, சீல் குத்தினார். அன்று ஆட்டோவில் வரும்போது பாட்டுப் பாடாத குறைதான்.

ஆன்லைனில் ஏற்கெனவே பதிந்திருந்தும் (அப்போது இ-தாக்கில், இப்போது இ-ஜாக்ரிதி) காகிதப் பிரதிகளும் கேட்டார்கள். பக்க எண் இல்லை, அட்டவணை இல்லை என்று ஒரு ரிட்டர்ன். கடையின் சட்டப்பூர்வப் பெயர் தவறு என்று இன்னொன்று. போர்டில் இருக்கும் பெயர் வேறு, நிறுவனத்தின் பெயர் வேறு. பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் சரியான பெயரும் முகவரியும் வந்துவிடும். ஆனால் அந்த பில் தெர்மல் காகிதம். பர்ஸில் இருந்தபடியே வெளுத்து, வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தது. நல்லவேளை, எண் கடை வாசலிலேயே எழுதியிருந்தது. தங்கை போய்க் குறித்து வந்தாள். பொருள் வாங்கியதற்கு யுபிஐ பரிவர்த்தனை தெரியும் பேங்க் ஸ்டேட்மென்ட் கைகொடுத்தது. அதில் நேரமும் இருந்தது. பில் போடுவதற்கு முன்பே விழுந்திருந்தால் ‘இவர் நுகர்வோரே இல்லை’ என்று கிளம்பியிருப்பார்கள் என்றார் வக்கீல். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் புகார் மனுவில் கையெழுத்துப் போடும் முன் அதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழுந்தது வேறு மாவட்டம், நான் வழக்குப் போட்டது என் ஊரில். குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்று புதுச் சட்டம் சொல்கிறது. காலக்கெடு இரண்டு ஆண்டு.

எதிர்தரப்பு பதில்மனு போட 30 நாள், மேற்கொண்டு 15 நாள்தான். அதற்குமேல் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. கடைசி நாளில் போட்டார்கள். அதன்பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருப்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பதில்மனுவில் இருந்தது: நான் பொருள் வாங்கிக்கொண்டு நல்லபடியாக வெளியே போய்விட்டேனாம், தெருவில் எங்கோ விழுந்திருக்கலாமாம். சிசிடிவி? பதிவு தானாக அழிந்துவிட்டதாம். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே ‘பதிவை அழிக்காமல் வையுங்கள்’ என்று தங்கை மெயில் அனுப்பியிருந்தாள். அதைப் பிரதி எடுத்துச் சேர்த்திருந்தேன்.

ஆனாலும் அந்த ‘தானாகக் கீழே விழுந்தது’ உறுத்திக்கொண்டே இருந்தது. முதலில் கொண்டுபோனது அரசு ஆஸ்பத்திரிக்கு. அங்கே ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேட்டால், ‘போலீஸ் கேட்டாத்தான் தருவோம்’ என்றார்கள். ஸ்டேஷனில், ‘ஆஸ்பத்திரியில கேளுங்க’ என்றார்கள். கடைசியில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். தபாலில் வந்த நகலைப் பிரித்தால், அழைத்து வந்தவர் என்ற இடத்தில் கடை சூப்பர்வைசரின் பெயர், கையெழுத்தோடு! தெருவில் விழுந்தவளை இவர்கள் சூப்பர்வைசர் எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தார்? அந்தக் கேள்விக்கு அவர்களின் வக்கீலிடம் கடைசிவரை பதில் இல்லை.

இன்னொன்று. மெடிக்ளெய்முக்கு ஒரிஜினல் பில்களை அனுப்புவதற்கு முன், சீல் வைத்த நகல்களை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிவிடுங்கள். அனுப்பிய பிறகு பில்லிங் கவுன்ட்டரில் நம் முகத்தையே பார்க்க மாட்டார்கள்.

தீர்ப்பு எங்கள் பக்கம். காப்பீடு தராத மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. கேட்டதில் பாதிகூட இல்லை, பரவாயில்லை. ‘அப்பீல் போவோம்’ என்றார்கள். மாநில ஆணையத்துக்குப் போக 45 நாள், அதுவும் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான். போகவில்லை, பணமும் தரவில்லை. நிறைவேற்று மனுப் போட்டேன். உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிற 72-ஆவது பிரிவு அதில் இருந்தது. உடனே காசோலை வந்தது, என் இனிஷியலைத் தவறாகப் போட்டு! பேங்கில் வாங்க மறுத்தார்கள். திருப்பி அனுப்பி, சரியான பெயரில் வேறு காசோலை வாங்கி, அது கணக்கில் ஏறிய பிறகுதான் மனுவை முடித்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன்பே போடச் சொல்லிக் கெஞ்சினார்கள். போடாதீர்கள்.